கண்ணில் குச்சி பட்டதா? சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தை நம்பாதீர்கள்

மாசி, பங்குனி வந்தால் போதும், சித்திரை வெயில் ஏறுவதற்குள் தோட்டத்தைச் சீர்செய்துவிட வேண்டும் என்று எல்லாரும் இறங்கிவிடுகிறார்கள். காகிதப்பூக் கொடியை வெட்டுவது, கறிவேப்பிலையைக் கழிப்பது, மாடியில் நிழல்வலை கட்டுவது, பீர்க்கைக்கும் பாகலுக்கும் குச்சி நடுவது, காய்ந்த தென்னை மட்டையை இழுத்துப் போடுவது, சருகைக் கூட்டி மூடாக்கு போடுவது என்று வேலை நிறைய. இதே மாதங்களில்தான் கண் மருத்துவமனையின் கருவிழிப் பிரிவில், அதாவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல மூடியிருக்கும் படலத்துக்கு வைத்தியம் பார்க்கும் பிரிவில், எங்கள் நோயாளிகள் வரிசையும் நீள்கிறது. முன்பெல்லாம் நெல்தாள் குத்தியவர்கள், கரும்புத் தோகை கிழித்தவர்கள் என்று வயல்வேலை செய்பவர்கள்தான் அதிகம் வருவார்கள். இப்போது மாடித்தோட்டக்காரர்களும் அதே புண்ணோடு வருகிறார்கள்.

போன வாரம் வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. க்ரோ பேக்கில் பீர்க்கங்கொடிக்கு நட்ட மூங்கில் குச்சி. இலைக்கு அடியில் பிஞ்சு இருக்கிறதா என்று குனிந்தபோது குச்சி முனை வலது கண்ணில் இடித்திருக்கிறது. அன்று நீர் வடிந்தது, கரகரத்தது. மறுநாள் கொஞ்சம் தேவலை. நாலைந்து நாள் கழித்துக் கண் சிவந்தது. தெருமுனை மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டார்.

“ரெண்டே நாள்ல கண்ணு பளிச்சுனு ஆயிடுச்சு டாக்டர். அதனாலதான் இங்க வரல.”

“அந்தச் சொட்டு மருந்தை எத்தனை நாள் போட்டீங்க டீச்சர்?”

“பாட்டில் தீர்ற வரைக்கும்.”

ஸ்லிட் லாம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவியில் பார்த்தால், கருவிழியின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு புண். உலர்ந்த மேற்பரப்பு. இறகின் ஓரம் போலப் பிரிந்து பிரிந்து பரவும் விளிம்பு. சற்றுத் தள்ளி இரண்டு சின்னப் புள்ளிகள். கருவிழிக்குப் பின்னால், கண்ணின் அடிப்பகுதியில் வெள்ளைச் சீழ் மட்டம் கட்டி நின்றது. புண்ணைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தோம். கிளை கிளையாகப் பூஞ்சை இழைகள். அந்தக் கண்ணால் அவருக்கு இப்போது என் விரல்களை எண்ண மட்டுமே முடிகிறது. முதல் நாளே வந்திருந்தால் இது ஒரு வெறும் கீறல்.

எனக்கு ஆத்திரம் அந்தக் குச்சி மீது இல்லை. சிவப்பு போய்விட்டால் கண் சரியாகிவிட்டது என்ற நம்பிக்கை மீதுதான். இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை, அதனால் நீட்டியே சொல்கிறேன்.

சிவப்பு நோய் இல்லை. உள்ளே வந்துவிட்ட கிருமியோடு உடம்பு சண்டை போடுகிறது என்பதற்கான அடையாளம். கடையில் “கண் சிவந்திருக்கு, ஏதாவது குடுங்க” என்று கேட்டால் கையில் வருவது பல நேரம் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. டெக்சாமெதசோன், பிரட்னிசோலோன், பீட்டாமெதசோன், லோட்டிபிரட்னால், இதில் எந்தப் பெயர் பாட்டிலில் இருந்தாலும் அது ஸ்டீராய்டுதான். ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்தே இருக்கும், அதனால் பாதுகாப்பானது என்று தோன்றும். ஸ்டீராய்டு செய்யும் வேலை சண்டையை நிறுத்துவது. சிவப்பு போகும், உறுத்தல் போகும், கண் வெள்ளையாகும். பூஞ்சை மட்டும் போகாது. எதிர்க்க ஆள் இல்லாத இடத்தில் அது நிம்மதியாக வளரும். கூடவே உள்ள ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கான மருந்து, பூஞ்சையை ஒன்றும் செய்யாது. ஆக, உங்களுக்கு நிம்மதி தருகிற அந்த நாட்களில்தான் கண் போகிறது. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மெட்ராஸ் ஐ வந்தபோது பலன் தந்தது, கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்கு எழுதிக் கொடுத்து மிச்சம் இருப்பது என்று எடுத்துப் போடுபவர்களும் உண்டு. அது அவர்கள் கண்ணுக்கு எழுதிய மருந்து. ஆபரேஷன் செய்த கண்ணுக்கு ஸ்டீராய்டு வேண்டும். செடி கீறிய கண்ணுக்கு அது கூடவே கூடாது.

இது நம் ஊருக்குப் புதிய பிரச்சினையும் இல்லை. மதுரை மாவட்டத்தில் 1993ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டபோது, ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்திருந்தது. அமெரிக்காவில் இதே போன்ற ஒரு கணக்கோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பத்து மடங்கு. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை மதுரையில் பார்த்த 434 கருவிழிப் புண் நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் கண்ணில் ஏதோ பட்டதாகச் சொன்னார்கள். கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பூஞ்சை. ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இரண்டு பூஞ்சைகள்தான் இங்கே முக்கியமானவை. இலை, குச்சி, சருகு, மண் என்று தோட்டத்தில் எங்கும் இருப்பவை.

கருவிழியின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதன் மேல்தோல் உரிந்தால் கிருமிக்கு வாசல் திறந்துவிடும். சின்னக் கீறல் தானாகவே ஆறுவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எது ஆறும், எது புண்ணாகும் என்று கண்ணாடி முன்னால் நின்று உங்களால் சொல்ல முடியாது. நாங்கள் ஃப்ளோரசின் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால் கீறல் பச்சையாகத் தெரியும், ஒரு நிமிட வேலை. பூஞ்சைப் புண் மெதுவாக வருவது என்பதையும் நினைவில் வையுங்கள். அடிபட்ட அன்று ஒன்றும் தெரியாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக்கூடத் தலைகாட்டும். “போன வாரம் குச்சி பட்டது” என்று நீங்களாகச் சொல்லாவிட்டால் டாக்டரே சாதாரணக் கண் சிவப்பு என்று நினைக்க வாய்ப்பு உண்டு. மறக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யும் வைத்தியங்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, நந்தியாவட்டைச் சாறு பிழிவது, நாக்கால் தூசி எடுப்பது எல்லாமே இன்றும் நடக்கின்றன. அன்பால் செய்வதுதான், தெரிகிறது. தோல் உரிந்த கருவிழியில் இவை ஒவ்வொன்றும் புதுக் கிருமியைக் கொண்டுபோய் வைக்கும். தயவுசெய்து வேண்டாம். முந்தானையைச் சுருட்டி ஊதி ஒத்தடம் கொடுப்பதும் வேண்டாம். வலி தாங்கவில்லை, மரக்கச் செய்யும் சொட்டு கொடுங்கள் என்று எங்களிடமே சிலர் கேட்பார்கள். பரிசோதனைக்கு ஒரு சொட்டு விடுவோம், வீட்டுக்குக் கொடுக்க மாட்டோம். திரும்பத் திரும்பப் போட்டால் கீறல் ஆறவே ஆறாது.

செடியின் பால் வேறு கதை. எருக்கம்பால் பட்டால் சில நேரம் வலியே இருக்காது, பார்வை மட்டும் புகைமூட்டமாகும். வலியில்லையே என்று படுத்துவிடாதீர்கள். திருகுகள்ளியும், அழகுக்கு வளர்க்கும் மற்றக் கள்ளிகளும் நேர்மாறு. எரிச்சல் அப்போதே தொடங்கும், நேரம் ஆக ஆகக் கூடும். மரத்தின் அடியில் அடிக்கும் சுண்ணாம்பு எல்லாவற்றையும் விட மோசம், உள்ளே இறங்கிக்கொண்டே போகும். பாலோ, சுண்ணாம்போ, பூச்சி மருந்தோ பட்டால் அந்த இடத்திலேயே குழாயைத் திறந்து, இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது கால் மணி நேரம் கழுவுங்கள். பிறகுதான் ஆட்டோ கூப்பிட வேண்டும். கழுவாமல் ஓடி வந்தால் வழியிலேயே பாதி சேதம் முடிந்திருக்கும்.

கழுவக் கூடாத சந்தர்ப்பம் ஒன்று உண்டு. குச்சியோ கட்டுக்கம்பியோ கண்ணுக்குள் குத்தி நிற்கிறது, அல்லது புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து தெறித்த துண்டு கண்ணைத் துளைத்துவிட்டது என்றால் பிடுங்காதீர்கள், அழுத்தாதீர்கள், கழுவாதீர்கள், எந்தச் சொட்டும் விடாதீர்கள். ஒரு காகிதக் கப்பைக் கண்ணுக்கு மேல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு நேராக அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு வாருங்கள். வழியில் காபி, தண்ணீர் எதுவும் வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

இத்தனையும் வராமல் தடுக்க ஆகும் செலவு மிகக் குறைவு. ஹார்டுவேர் கடையில் பக்கவாட்டிலும் மூடும் ப்ளாஸ்டிக் கண்ணாடி நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. படிக்கும் கண்ணாடி போதாது, ஓரத்தில் திறந்திருக்கும். தொட்டியில் நட்ட ஒவ்வொரு குச்சியின் முனையிலும் ஒரு காலி மருந்து டப்பாவையோ பழைய பந்தையோ செருகுங்கள். குனியும்போது முனை கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கலே. கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு வெட்டாதீர்கள், விடும்போது அடிக்கும். மட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இழுக்காதீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். மண் கையால் கண்ணைக் கசக்க வேண்டாம். ஒரு கண்ணில் மட்டுமே பார்வை உள்ளவர்கள் கண்ணாடி இல்லாமல் கத்தரியைத் தொடவே கூடாது, இதில் சமரசம் இல்லை.

பூஞ்சைப் புண்ணுக்கு நாட்டமைசின் என்ற சொட்டு மருந்துதான் இன்றும் முதல் தேர்வு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வு, வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தை விட இதுவே மேல் என்று காட்டியது. ஆரம்பத்தில் மணிக்கு ஒரு முறை, வாரக்கணக்கில் போட வேண்டும். குலுக்கிவிட்டுப் போட வேண்டும், மருந்து அடியில் தங்கிவிடும். புண் ஆறினாலும் கருவிழியில் பூ விழுந்துவிட்டால் பார்வை தடைபடும். நடுவில் விழுந்தால் கருவிழி மாற்று அறுவை சிகிச்சைதான். அதற்குத் தானமாகக் கண் கிடைக்க வேண்டும்.

மருந்துக்கடை நடத்துகிற தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். யாராவது கண் சிவப்பு என்று வந்தால், “செடி, குச்சி, தூசி ஏதாவது பட்டதா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆம் என்றால் எதுவும் கொடுக்காமல் கண் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஒரு கண் தப்பும்.

ஏற்கெனவே வாங்கிப் போட்டுவிட்டீர்களா? மறைக்க வேண்டாம். நாங்கள் திட்டுவோம் என்று பயந்து பலர் சொல்வதில்லை, அதனால் புண் ஏன் ஆறவில்லை என்று தெரியாமல் நாங்கள் நாட்களை இழக்கிறோம். அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்து வாருங்கள்.