நடுவழியில் குழந்தை ஏன் குந்துகிறது?

"மகனுக்கு நான்கு வயது. டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்கிற இதயக் கோளாறு. அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கிறோம். வெளியே கூட்டிப்போனால் கொஞ்ச தூரம் ஓடுகிறான், திடீரென்று நடுவழியில் குந்திவிடுகிறான். கூட வருகிறவர்கள் அடம் என்கிறார்கள். தூக்கி நிறுத்தலாமா?" என்று ஒரு தாய் கேட்டிருந்தார்.

தூக்கி நிறுத்தாதீர்கள், அம்மா. அவன் செய்வது அடம் இல்லை, வைத்தியம்.

இதயத்தின் வலப்பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்கும் இடப்பக்கம் உடலுக்கும் அனுப்புகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். இந்தக் கோளாறில் கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை இருக்கும். நுரையீரலுக்குப் போகும் வழி குறுகியிருக்கும். உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி அந்த ஓட்டைக்கு மேலேயே கால் பரப்பி நிற்கும். வலக் கீழறையின் தசை தடித்திருக்கும். 1888இல் இந்த நான்கையும் ஒரே நோயாகச் சேர்த்து விளக்கியவர் பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ.

இனி வலக் கீழறையின் இடத்தில் நின்று பாருங்கள். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் வந்து சேர்ந்திருக்கிறது, எதிரே இரண்டு வழிகள். ஒன்று நுரையீரலுக்குப் போகும் இடுக்கு. மற்றது ஓட்டை வழியாக நேரே பெருந்தமனிக்கு. எந்தப் பக்கம் எதிர்ப்பு குறைவோ அந்தப் பக்கம்தான் ரத்தம் அதிகம் ஓடும். பிள்ளை ஓடும்போது கால் தசைகளின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, உடல் பக்கத்து எதிர்ப்பு சரிகிறது. உடனே நுரையீரலுக்குப் போகாமலேயே ரத்தம் உடலுக்குத் தப்பிவிடுகிறது. உதடும் நகமும் நீலம் பூக்கின்றன.

அப்போதுதான் அவன் குந்துகிறான். முழங்கால் மடங்கி, தொடை வயிற்றோடு ஒட்டும்போது காலுக்குப் போகும் பெரிய தமனிகள் நசுங்குகின்றன. உடல் பக்கத்து எதிர்ப்பு ஏறுகிறது. தப்பியோடிய ரத்தத்துக்கு அந்த வழி கடினமாகிவிட, அதில் ஒரு பங்கு நுரையீரல் பக்கம் திரும்புகிறது. கூடவே, கால்களில் ஆக்சிஜன் வற்றிப்போன ரத்தம் இதயத்துக்குத் திரும்புவதும் தாமதமாகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு நான்கு வயதுப் பிள்ளையின் உடல் இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

குந்துவது சற்று நேரத்துக்குச் செய்வதை நீடித்துச் செய்ய முயன்ற முதல் அறுவை சிகிச்சை 1944 நவம்பர் 29 அன்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நடந்தது. கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்து ரத்தத்துக்கு ஒரு பக்கவழி கொடுத்தார்கள். யோசனை ஹெலன் டாசிக் என்ற குழந்தை இதய மருத்துவருடையது, கத்தி பிடித்தவர் ஆல்பிரட் பிளாலக். ஆய்வகத்தில் நாய்களிடம் அந்த இணைப்பைச் செய்து செய்து பழகியவர் பிளாலக்கின் ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ். அவர்தான் அன்று பிளாலக்கின் பின்னால் நின்று வழிசொன்னார். கறுப்பினத்தவரான அவர் ஆய்வக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வாங்கியது துப்புரவுப் பணியாளருக்கான சம்பளம். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் ஆய்வக உதவியாளர்களையும் நினைக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

சரி, வெளியே போகும் நாளுக்கு வருவோம். எவ்வளவு தூரம், என்ன விளையாட்டு என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் அடிக்கடி கொடுங்கள். ஆக்சிஜன் பற்றாக்குறையை ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களைக் கூடுதலாகச் செய்து, ரத்தம் ஏற்கெனவே கெட்டியாகியிருக்கலாம். நீர் வற்றினால் இன்னும் கெட்டியாகும்.

திடீரென்று விடாமல் அழுது, வேகமாக மூச்சிரைத்து, நீலம் கூடிக்கொண்டே போனால் அது வேறு விஷயம். நுரையீரல் வழி மேலும் இறுகிவிடும் நேரம் அது. அப்போது மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பில் வழக்கமாகக் கேட்கும் இதய இரைச்சல் குறைந்துவிடும். கேட்க நல்ல செய்தி போலத் தோன்றும், ஆனால் அந்த இடுக்கில் ரத்தம் மிகக் குறைவாகவே ஓடுகிறது என்று பொருள். பதறாமல் மடியில் வைத்து, இரண்டு முழங்காலையும் அவன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, மெல்லப் பேசிக்கொண்டே உடனே மருத்துவ உதவிக்கு அழையுங்கள்.

அப்புறம், கர்ப்பத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவே வேண்டாம். கருவின் இதயம் முதல் எட்டு வாரங்களுக்குள் உருவாகி முடிகிறது. கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே அந்த வேலை தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் இன்ன காரணம் என்று மருத்துவர்களாலேயே சுட்ட முடிவதில்லை.

அவன் குந்தினால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். உதட்டின் நிறம் பழையபடி ஆனதும் அவனே எழுந்து ஓடுவான்.