வயது இருக்கட்டும், அது எதனால் ஆனது?

கியோட்டோவின் தோஜி கோயிலில் மாதந்தோறும் 21-ஆம் தேதி பழம்பொருள் சந்தை கூடும். கோபோ தாய்ஷி என்று ஜப்பானியர் போற்றும் துறவி கூகாய் 835-இல் மறைந்த நாளை ஒட்டிய வழக்கம் அது. அதே ஊரில் கித்தானோ தென்மாங்கு ஆலயத்தில் 25-ஆம் தேதி இன்னொரு சந்தை. இங்கெல்லாம் போய்வந்தவர்கள், வாங்கிய பீங்கானையும் இரும்பையும் செப்பனிட என் பட்டறைக்குக் கொண்டுவருவதுண்டு. "சார், இது எத்தனை வருஷத்துப் பழசு?" என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வியும். நான் கேட்க விரும்புவது வேறு: இது எதனால் ஆனது என்று பார்த்து வாங்கினீர்களா?

தந்தத்திலிருந்தே தொடங்குகிறேன். கிமோனோ இடைப்பட்டியில் பையைத் தொங்கவிடப் பயன்பட்ட நெட்சுகே என்ற விரலளவுச் சிற்பங்கள், பெயர் முத்திரைகள் எல்லாம் தந்தத்தில் செய்யப்பட்டவை சந்தையில் வெளிப்படையாகவே கிடக்கும். ஜப்பானில் முழுத் தந்தத்தைத்தான் பதிவு செய்தாக வேண்டும். செதுக்கி முடித்த சிறு பொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆக, கடைக்காரர் விற்பதில் தவறில்லை. ஆனால் அதைப் பையில் போட்டுக்கொண்டு நீங்கள் விமானம் ஏறினால் கதை மாறிவிடும். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை அங்கே குறுக்கே நிற்கும். இந்தியாவிலோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 'நூறு வருஷப் பழசு' என்று வாயால் சொல்வது சுங்க மேசையில் செல்லாது. தேன் நிறத்தில் கண்ணாடிபோல் மின்னும் கொண்டை ஊசி, சீப்பு வகைகளிலும் கவனம் வேண்டும். அழுங்காமை ஓட்டில் செய்தவையாக இருக்கலாம், அவற்றுக்கும் அதே விதிதான்.

அடையாளம் காண்பது பெரிய வித்தையில்லை, ஒரு கைலென்ஸ் போதும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோல் ஓடும். எலும்பில் ஊசிமுனைக் கரும்புள்ளிகள் தெரியும். பிசின் வார்ப்பில் காற்றுக்குமிழி இருக்கும். காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கலாம் என்று யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள். அடுத்தவர் கடைப் பொருளில் ஓட்டை போடுவது என்ன சோதனையோ! சந்தேகம் தீரவில்லையா, வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

வாளுக்கு வேறு சட்டம். 15 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நீண்ட வாளலகு எதுவானாலும் பதிவுச் சான்று கூடவே இருக்க வேண்டும். நாட்டை விட்டு வெளியேற, அது முக்கியக் கலைச்செல்வம் அல்ல என்று பண்பாட்டு அலுவலகம் தனியே சான்று தர வேண்டும். ஒரு வாரச் சுற்றுலாவில் நடக்கிற காரியமல்ல. ஆசை விடவில்லை என்றால் சுபா வாங்குங்கள்: கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில் வரும் உலோகக் காப்புத் தகடு. அதற்குப் பதிவு எதுவும் கிடையாது, வேலைப்பாடும் அபாரம்.

பீங்கானில்தான் வயது பற்றிய பேச்சு அதிகம். நீலப்பூ போட்ட தட்டுகளை எல்லாம் பழைய எடோ ஆட்சிக்காலத்தவை என்று நினைத்துவிடாதீர்கள். அது முடிந்து 1868-இல் மெய்ஜி காலம் பிறந்தபின் அச்சுத்தாள் ஒட்டி நீல அலங்காரம் செய்யும் முறை பரவி, தட்டுகள் மலிவாகப் பெருகின. தட்டைச் சுற்றிப் பார்வையை ஓட்டுங்கள். அச்சுத்தாளின் இரு ஓரமும் சேரும் இடத்தில் பூக்கொடி அறுந்தோ ஒன்றின்மேல் ஒன்று ஏறியோ நிற்கும். கையால் தீட்டியதில் அந்த ஒட்டு இருக்காது. எனக்கென்னவோ அந்த அச்சுத் தட்டுகள்தான் பிடிக்கும். விலையும் கட்டுப்படியாகும், தைரியமாகப் புழங்கலாம்.

ஆனால் மெருகுக்கு மேலே சிவப்பு, பச்சை, மஞ்சள் தீட்டிய பழைய கிண்ணங்களில் சாப்பிடாதீர்கள். அந்த வண்ணங்களில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். புளிப்பு பட்டால் ஈயம் கசியும். நம் வீட்டில் கிண்ணம் என்று இருந்தால் புளிக்குழம்போ ரசமோ ஒருநாள் அதில் விழாமல் இருக்காது. அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதோடு சரி.

உடைசலைத் தங்கக் கோட்டால் இணைக்கும் கின்ட்சுகி வேலை இப்போது பெரிய மோகம். முறையான வேலையில் ஒட்டுவது உருஷி என்ற மரப்பால் அரக்கு. அது இறுகவே வாரக்கணக்கில் ஆகும். சந்தையில் கிடைப்பதில் பல, செயற்கைப் பசையின்மேல் பித்தளைப் பொடி தூவியவை. அதில் சூடாக எதையும் ஊற்ற வேண்டாம்.

தெட்சுபின் என்கிற இரும்புக் கெண்டியைத் திறந்து உள்ளே பாருங்கள். பளபளவென்று கறுப்பு எனாமல் பூசியிருந்தால் அது தேநீர் ஊற்றி வைக்கும் பாத்திரம். அடுப்பில் ஏற்றினால் பூச்சு பெயரும். பூச்சில்லாத பழைய கெண்டியில் துரு கண்டு மிரள வேண்டியதில்லை. பச்சைத் தேயிலையைத் துணியில் முடிந்து போட்டுக் கொதிக்கவிட்டால் துரு கறுத்துப் படிந்துவிடும். தண்ணீர் செந்நிறமாகாத வரை கவலையில்லை. அடியில் ஒழுக்கு உண்டா என்று மட்டும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள்.

மரப்பெட்டியோடு விற்பவை விலை கூடுதல். மூடியில் கலைஞரின் கையெழுத்து இருக்கும். பெட்டி ஒருவருடையது, உள்ளிருக்கும் கோப்பை வேறொருவருடையது என்பது சகஜம். பொருளைப் பெட்டிக்குள் இறக்கிப் பாருங்கள், அளவு கச்சிதமாகப் பொருந்த வேண்டும்.

துணிக் கடைகளில் சராசா என்று கேட்டுப் பாருங்கள். சோழமண்டலக் கரையில் சாயமிட்ட பூத்துணிகள் டச்சுக் கப்பல்களில் ஜப்பான் போயின. தேநீர்ச் சடங்குக்காரர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் போற்றி வைத்தார்கள். பழைய அசல் துண்டு அகப்படுவது அரிது. பின்னாளில் ஜப்பானிலேயே அச்சிட்ட சராசா தாராளமாகக் கிடைக்கும்.

பணமாகவே கொண்டுபோங்கள். தோஜியில் டிசம்பர் 21, ஜனவரி 21 இரண்டும் ஆண்டின் கடைசி, முதல் சந்தைகள். கூட்டத்தில் லென்ஸை வெளியே எடுக்கவே இடம் இருக்காது. நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் வேறு மாதம் போங்கள், காலையிலேயே.