பழைய பைக்கை ரெடி பண்ற தம்பிகளுக்கு: வண்டி ஓடறதுக்கு முன்னாடி நிக்கோணும்

பொள்ளாச்சிப் பக்கம் டூவீலர் பட்டறை வெச்சிருக்கறனுங்க. இப்பக் கொஞ்ச காலமா காலேஜ் முடிச்ச பசங்க, மில்லுல வேலை பாக்கற பசங்க, நெறையப் பேரு பழைய வண்டிய வாங்கி வீட்டு வாசல்ல போட்டு அவங்களே கழட்டி மாட்டறாங்க. தோட்டத்துச் சாளைக்குள்ள வருசக்கணக்கா கெடந்த சிடி 100, தாத்தா ஓட்டுன ஸ்ப்ளெண்டர், யாருகிட்டயோ கெஞ்சி வாங்குன ஆர்எக்ஸ் 100, இப்படி ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வண்டி மேல ஆசை. பாக்கறதுக்கு எனக்கு நெம்ப சந்தோசம். கையில கிரீஸ் ஆகாம யாரும் மெக்கானிக் ஆனதில்ல, யூடியூப் பாத்துப் பழகறதுலயும் தப்பே இல்லீங்க.

ஆனா பசங்க காசு போடற வரிசைதான் பயமா இருக்குது. மொதல்ல இஞ்சின் சிலிண்டரைக் கடைஞ்சு போர் போடறாங்க, பிஸ்டன் ரிங்கு மாத்தறாங்க, புது கார்பரேட்டர், அப்பறம் டேங்குக்குப் பெயிண்ட், சத்தம் வர்ற சைலன்சர், கடைசியா கையில மிச்சம் இருந்தா பிரேக்கு. மிச்சம் இருக்கறதே இல்ல. அப்படி ஒரு தம்பி கொண்டாந்த வண்டி ஒரே கிக்குல ஸ்டார்ட் ஆகுது, ஐடிலிங் அவ்வளவு அழகா நிக்குது, ஆனா பின் பிரேக்கை மிதிச்சா பெடல் ஃபுட்ரெஸ்ட்டுக்குக் கீழ போகுது. கேட்டா "அதை அட்ஜஸ்ட் பண்ணிப் பாத்துக்கலாங்ணா"ங்கறான். அடுத்த ஞாயித்துக்கெழமை அந்த வண்டியிலயே வால்பாறை போறானாம். ஆழியாருல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு, ஏறீட்டா எறங்கியும் ஆவோணும்ல.

இதுல ஒரு கணக்கு இருக்குதுங்க. ஸ்பீடு ரெண்டு மடங்கானா பிரேக்கு தாங்க வேண்டிய சக்தி ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. தூங்கிக் கெடந்த இஞ்சினை எழுப்பி விட்டு 40ல போன வண்டிய 80ல போக வெச்சுப்போட்டு, பிரேக்கை மட்டும் பழசா விட்டா அந்த நாலு மடங்கு சுமையும் தேஞ்சு போன ஷூ மேலதான், அதாவது வீல் டிரம்முக்குள்ள விரிஞ்சு ஒரசி வண்டிய நிறுத்தற பட்டை மேலதான் விழுகும். அதனால நான் பட்டறைக்கு வர்ற பசங்ககிட்ட சொல்றது, இஞ்சின்ல ஒரு போல்ட்டத் தொடறதுக்கு முன்னாடி ரெண்டு வீலையும் கழட்டுங்கங்கறதுதான்.

டிரம் பிரேக்கு எப்படிப் பாக்கறதுன்னு கொஞ்சம் விவரமாவே சொல்றேன். வீலைக் கழட்டறதுக்கு முன்னாடியே பிரேக் பிளேட்டுல பாருங்க, நெறைய வண்டிகள்ல கேம் (பிரேக் புடிச்சா திரும்பி ஷூவை விரிக்கற தண்டு) பக்கத்துல ஒரு அம்புக்குறியும் பிளேட்டுல ஒரு கோடும் இருக்கும், பிரேக்கை நல்லா அழுத்திப் புடிச்சுட்டு பாக்கறப்ப அம்பு அந்தக் கோட்டத் தொட்டுருச்சுன்னா ஷூ முடிஞ்சுதுன்னு அர்த்தம். இங்கதான் ஒரு ஆபத்தான குறுக்கு வழி பல பேரு பண்றாங்க, அட்ஜஸ்ட்டிங் நட்டு கடைசி மரைக்கு வந்ததுக்கப்பறம் கேமைத் திருப்பற பிரேக் ஆர்மை கேம்ல இருந்து உருவி ஒரு பல்லு தள்ளி மாட்டிர்றாங்க. உடனே பெடல் கெட்டியான மாதிரி இருக்கும், ஓட்டறவனுக்கும் திருப்தியா இருக்கும், ஆனா உள்ள ஷூ தேஞ்சது தேஞ்சதுதான், கேம் திரும்ப வேண்டியதுக்கு மேல திரும்பி ஷூவை விரிச்ச வாக்குலயே நின்னுக்கிச்சுன்னா ஓட்டத்துலயே வீலு ஜாம் ஆயிரும். ஆர்ம்லயும் கேம்லயும் ஒரு புள்ளிக் குறி இருக்கும், ரெண்டும் நேரா இருக்கோணும். பழைய வண்டி வாங்குனா மொதல் நாளே இந்தக் குறியப் பாத்துருங்க, முன்னாடி வெச்சிருந்தவரு தள்ளி மாட்டியிருந்தா அதுலயே தெரிஞ்சு போகும்.

பிளேட்டைத் தொறந்தா உள்ள கருந்தூசி நெறைய இருக்கும். அதை கம்ப்ரஸர் காத்துல ஊதாதீங்க, வாயிலயும் ஊதாதீங்க. பழைய ஷூக்கள்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசி நொரையீரலுக்குள்ள போனா வெளிய வராது, அதோட சீக்கு பல வருசம் கழிச்சுத்தான் தெரியும். ஈரத்துணியில தொடச்சு, துணிய ஒரு கவர்ல கட்டிப் போட்டுருங்க. டிரம்முல மேக்ஸ் டயான்னு, அதிகபட்ச விட்டம், ஒரு அளவு இருக்கும், அதுக்கு மேல தேஞ்சிருந்தா புது ஷூ போட்டும் பிரயோசனம் இல்ல. கேம் வெளிய வர்ற எடத்துல கிரீஸ் காஞ்சு இறுகிப் போயிருக்கும், சுத்தம் பண்ணி இத்தனூண்டு கிரீஸ் வெச்சாப் போதும், எச்சா வெச்சா சூட்டுல உருகி ஷூ மேல வடியும். முன்னாடி ஃபோர்க் ஆயில் சீல் ஒழுகுனாலும் இதே கதைதான், ஆயில் ஷூவுல பட்டுச்சுன்னா சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்க்கறதெல்லாம் வேண்டாம், தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க. ஒரு செட் ஷூ விலை சைலன்சர் விலையில எத்தன பங்குன்னு நீங்களே கடையில கேட்டுப் பாருங்க.

பின்வீலை மாட்டறப்ப எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. பிரேக் பிளேட்டுல இருந்து, பின்வீலைத் தாங்கற ஸ்விங் ஆர்முக்கு ஒரு ராடு போகும், டார்க் ராடுன்னு சொல்லுவோம். பிரேக் புடிக்கறப்ப பிளேட்டும் வீலோட சேந்து சுத்தாம அதுதான் இழுத்து நிறுத்துது. அதோட நட்டுல ஒரு ஸ்ப்ளிட் பின் இருக்கோணும். பசங்க கழட்டறப்ப அந்தப் பின் ஒடஞ்சுரும், ஒரு கம்பிய சொருகி விட்டுர்றாங்க, இல்லீன்னா ஒண்ணுமே போடறதில்ல. நட்டு ஆடி ஆடிக் கழண்டுச்சுன்னா, பிரேக்கை மிதிச்ச அடுத்த நொடி பிளேட்டு உருண்டு ராடு முச்சூடும் முறுக்கிக்கிட்டு பின்வீலு லாக் ஆயிரும். ஒரு பின் சில்லறைக் காசுதானுங்க. கழட்டுன பின்ன மறுபடி போடாதீங்க, எப்பவும் புதுசு.

செயினுக்கும் அப்படித்தான், செயினோட ரெண்டு முனையையும் சேத்துப் புடிக்கற லாக் கிளிப்போட மூடுன முனை செயின் ஓடற திசைய பாத்து இருக்கோணும், தொறந்த வாய் பின்னாடி. மாத்திப் போட்டா கிளிப் எதுலயாவது ஒரசிக் கழண்டு வரும். லூஸ் எவ்வளவு வேணுங்கறது ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கர்லயோ மேனுவல்லயோ இருக்கும், நம்ம சின்ன வண்டிகளுக்குப் பொதுவா ஒரு இஞ்ச் ஆட்டம்.

செயினைப் பத்திப் பேசறப்ப இதைச் சொல்லாம விட முடியாது. டபுள் ஸ்டாண்டு போட்டு, வண்டிய ஸ்டார்ட் பண்ணி கியர்ல விட்டு, ஓடற செயின்ல துணிய வெச்சுத் தொடைக்கறாங்க பாருங்க, வேலை சீக்கிரம் முடியுமுன்னு. துணியில ஒரு நூலு பல்லுல மாட்டுனாப் போதும், ஸ்ப்ராக்கெட் அந்தத் துணியோட விரலையும் இழுத்துட்டுப் போயிரும், கைய உருவலாமுன்னு நெனைக்கறதுக்குள்ள முடிஞ்சுரும். விரல் போன ஆளுங்களை இந்தத் தொழில்ல இருக்கற எல்லாரும் பாத்திருப்போம். இஞ்சின் ஆஃப், சாவி பாக்கெட்ல, கியர் நியூட்ரல்ல, கையால வீலை பையச் சுத்தித்தான் செயினைத் தொடைக்கோணும். வேற வழியே இல்லீங்க. வேடிக்கை பாக்கறேன்னு கிட்ட வந்து நிக்கற சின்னப் புள்ளைங்களையும் அக்கட்ட அனுப்பிருங்க.

அடுத்தது பெட்ரோலு. கார்பரேட்டர் கழுவறப்ப பக்கத்துல சாமி வெளக்கு, கேஸ் அடுப்பு, பீடி எதுவும் இருக்கப்புடாது, பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட தவழ்ந்து போயி தூரத்து நெருப்பையும் புடிச்சுக்கும். டேங்கு ஓட்டையா இருந்தா நீங்களே வெல்டிங் கடைக்கு எடுத்துட்டுப் போயி "காலி டேங்குதாண்ணா"ன்னு சொல்லி வெல்டு வெக்கச் சொல்லாதீங்க. காலி டேங்குலதான் ஆவியும் காத்தும் கலந்து நிக்கும், நெருப்பு பட்டா குண்டு மாதிரி வெடிக்கும். டேங்கு வேலை மட்டுமே பண்றவங்ககிட்ட குடுங்க. இப்ப பங்க்ல வர்றது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய வண்டியோட ரப்பர் டியூப், ஓ ரிங் எல்லாம் அதை மனசுல வெச்சு செஞ்சதில்ல, கூடவே எத்தனால் ஈரத்த இழுத்து வெச்சுக்கும். அதனால ரொம்ப நாள் நின்ன வண்டின்னா பெட்ரோல் டியூப் வெடிச்சிருக்கா இல்லையான்னு யோசிச்சுட்டு இருக்காம மாத்திருங்க, ஒழுகுனா சூடான இஞ்சின் மேலதான் சொட்டும். மூடுன ரூமுக்குள்ள வண்டிய ஓட விட்டு டியூனிங் பண்றதும் வேண்டாம், அந்தப் பொகையில இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்ல, தெரியறதுக்கு முன்னாடி தலை சுத்தி ஆளை சாச்சுப்புடும்.

டயரு பட்டை நல்லா தெரியுதேன்னு ஏமாறாதீங்க. பக்கவாட்டுல நாலு எண்ணு இருக்கும், 2319ன்னு இருந்தா 2019ல 23ஆவது வாரம் செஞ்சது. சாளைக்குள்ள நின்ன வண்டி டயரு தேஞ்சிருக்காது, ஆனா ரப்பர் கல்லு மாதிரி இறுகி பக்கவாட்டுல முடி முடியா வெடிச்சிருக்கும், மழையில புடிக்கவே புடிக்காது. டியூப், ரிம் டேப் எல்லாம் சேத்தே மாத்திருங்க. முன்வீலைத் தூக்கி ஃபோர்க்கை முன்னப் பின்ன ஆட்டிப் பாத்து கோன் செட்டு (ஹேண்டில் திரும்பற எடத்து பேரிங்) தட்டுதான்னும், ஹேண்டில் நடுவுல ஒரு எடத்துல மாட்டி நிக்குதான்னும் பாருங்க.

அப்பறம் ஸ்டைலுக்காக சேலை கார்டைக் கழட்டாதீங்க தம்பி. பின்னாடி உக்காரற ஆளுக்கு கைப்புடி, ஃபுட்ரெஸ்ட், பின்வீல்ல பாதியாவது மறைக்கற கார்டு இதெல்லாம் மோட்டார் வாகன விதியிலயே இருக்குது. நம்மூர்ல அம்மா, அக்கா, பாட்டி எல்லாம் ஒருபக்கமாத்தான் உக்காருவாங்க, முந்தானையோ துப்பட்டாவோ ஸ்போக்குல சிக்குனா என்ன ஆகுமுன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

டூல்ஸ்ல ஒரே ஒரு விசயம். ஜப்பான் டிசைன் வண்டிகள்ல இருக்கற நட்சத்திர ஸ்க்ரூவுக்கு ஜப்பான் தர அளவுல செஞ்ச ஜேஐஎஸ் திருப்புளி வேணும், சாதாரண ஃபிலிப்ஸ் போட்டா தலை வழுக்கி மொட்டையாயிரும். அலுமினிய கேஸ்ல இருக்கற டிரெயின் போல்ட்ட பலம் காட்டித் திருகுனா மரை போயிரும். ரிங் ஸ்பேனர், எவ்வளவு இறுக்கறோமுன்னு அளவு காட்டற ஒரு டார்க் ரெஞ்ச், அதுக்குக் காசு போடுங்க. சிலிண்டர் போர் போடறது லேத்து வேலை, 0.25, 0.50ன்னு ஓவர்சைஸ் பிஸ்டனை மொதல்ல கையில வாங்கி அந்த பிஸ்டனோடயே சிலிண்டரைக் குடுங்க. கோயமுத்தூர்ல இதுக்குக் கைதேர்ந்த லேத்துக்காரங்க நெறையப் பேரு இருக்கறாங்க.

வாங்கறப்ப ஆர்சி புக்குல இருக்கற இஞ்சின் நம்பர், சேஸ் நம்பர் வண்டியில இருக்கறதோட எழுத்துக்கு எழுத்து சேருதான்னு பாத்துட்டுத்தான் காசு குடுக்கோணும். 15 வருசம் தாண்டுன வண்டின்னா பதிவு புதுப்பிச்சிருக்கா, கடன் பாக்கி இருக்கா, பேரு மாத்த படிவம் 29, 30ல கையெழுத்துப் போட்டுத் தர்றாங்களா, எல்லாம் கேளுங்க. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாம டெஸ்ட் டிரைவுக்குக்கூட ரோட்டுல ஏத்தக் கூடாது.

எல்லாம் மாட்டியாச்சுன்னா மொதல்ல தோட்டத்துத் தடத்துலயோ காலி கிரவுண்டுலயோ ஹெல்மெட் போட்டு 20ல ஓட்டி பிரேக் புடிங்க, முன் பிரேக் தனியா, பின் பிரேக் தனியா, அப்பறம் ரெண்டும் சேத்து. பெடல்ல 20, 30 மில்லிமீட்டர் சும்மா ஆட்டம் இருக்கட்டும். புது ஷூ டிரம்மோட முகம் சேர கொஞ்ச தூரம் ஓடோணும், அது வரைக்கும் பின்னாடி ஆள் ஏத்த வேண்டாம். பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டீட்டு வந்து டிரம்மைத் தொடாம கைய பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஒரு வீலு மட்டும் கொதிக்குதுன்னா பிரேக் ஒட்டிக்கிட்டே ஓடுது. ஆக்சில் நட்டு, டார்க் ராடு, ஸ்போக்கு, இஞ்சின் மவுண்டிங் போல்ட்டு எல்லாம் அப்ப மறுபடி ஒரு சுத்து டைட் பாருங்க.

மலைக்கு அதுக்கப்பறம் போங்க. திம்பமோ வால்பாறையோ, ஏறுன கியர்லயே எறங்குங்க, நியூட்ரல்ல உருட்டாதீங்க, டிரம் பிரேக்கை விடாமப் புடிச்சுட்டே வந்தா சூடேறி பிடி கொறஞ்சுரும். ஆர்எக்ஸ், சாமுராய் மாதிரி டூ ஸ்ட்ரோக் வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு, அதுல இஞ்சினுக்கு ஆயில் போறது ஆக்சிலரேட்டர் தொறக்கற அளவைப் பொறுத்துத்தான், ஆக்சிலரேட்டரை முழுசா மூடீட்டு நீளமா எறங்குனா பிஸ்டனுக்கு ஆயில் பத்தாது. நடுநடுவுல கிளட்ச்சைப் புடிச்சு லேசா ஒரு திருகு குடுத்துட்டே வாங்க.