லீக் ஆன டாகுமென்ட்: பிடிச்சிருந்தா டெஸ்ட் பண்ண மாட்டோமா?

நான் நியூஸ் டெஸ்க்ல வெரிஃபிகேஷன் வேலை பாக்கறேன். தேர்தல் நெருங்கிட்டாலே லெட்டர்பேடு, மீட்டிங் மினிட்ஸ், "ரகசிய" சுற்றறிக்கைன்னு ஏதாவது வந்துகிட்டே இருக்கும். டெக்னிக்கலா சோதிக்கறதுக்கு வழி இருக்கு, கத்துக்கலாம், டூல்ஸும் இருக்கு. ஆனா வந்த பேப்பர் நமக்குப் பிடிக்காத கட்சியப் பத்தினதா இருந்தா எந்தக் கேள்விய நாம கேக்காமலே விட்டுடறோம்ங்கறத கண்டுபிடிக்க எந்த டூலும் கிடையாது, மீடியா பயஸ்னு எல்லாரும் திட்டறது பெரும்பாலும் அந்த இடத்துலதான் உள்ள வருதுன்னு நான் நம்பறேன்.

இதுக்கு நான் புதுசா டெஸ்குக்கு வர்றவங்ககிட்ட எப்பவும் சொல்றது கில்லியன் மெமோ விஷயம். 2004 செப்டம்பர் 8, அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ரெண்டு மாசம் கூட இல்ல. சிபிஎஸ் சேனலோட 60 மினிட்ஸ் வெட்னஸ்டே நிகழ்ச்சியில செய்தியாளர் டான் ராதர் சில மெமோக்கள காட்டுனாரு. அந்தத் தேர்தல்ல திரும்பவும் போட்டியிட்ட அதிபர் ஜார்ஜ் புஷ் 1970கள்ல டெக்சாஸ் ஏர் நேஷனல் கார்டுங்கற ரிசர்வ் விமானப் படையில பைலட்டா இருந்தப்போ மெடிக்கல் டெஸ்டுக்கு வரச் சொல்லியும் வரல, அவரக் கண்டுக்காம விடச் சொல்லி மேல இருந்து ப்ரெஷர்னு அதுல இருந்துச்சு. எழுதுனதா சொல்லப்பட்டவரு அவரோட கமாண்டர் ஜெர்ரி கில்லியன், 1984லயே இறந்துட்டாரு, அதனால அவர்கிட்ட கேக்க வழியில்ல.

நிகழ்ச்சி முடிஞ்ச சில மணி நேரத்துலயே, 1972, 73ல டைப்ரைட்டர்ல அடிச்ச பேப்பர் இப்படி இருக்காதேன்னு கேள்வி கிளம்பிருச்சு. எழுத்துக்கு எழுத்து அகலம் மாறுது, இங்கிலீஷ்ல "111th"ங்கற மாதிரி வர்ற இடத்துல எண்ணுக்குப் பின்னாடி வர்ற எழுத்து சின்னதா மேல ஏறி நிக்குது. ஒருத்தர் அதே வரிகள மைக்ரோசாஃப்ட் வேர்டுல, எந்த செட்டிங்கையும் மாத்தாம, டைம்ஸ் நியூ ரோமன் ஃபான்ட்ல அடிச்சு மெமோ மேல வெச்சுப் பாத்தாரு, கிட்டத்தட்ட அச்சு அசலா பொருந்திருச்சு. இங்க ஒண்ணு சொல்லணும், எழுத்து அகலம் மாறுற டைப்ரைட்டர் அப்பவே மார்க்கெட்ல இருந்துச்சு, அந்தக் குட்டி எழுத்து உள்ள மெஷினும் இருந்துச்சு, அதனால தனித்தனியா எடுத்தா எதுவுமே நிரூபணம் இல்ல. எல்லாம் ஒரே பக்கத்துல சேந்து, வரி முடியற இடம் உட்பட வேர்டோட பொருந்துறதுதான் கனமான விஷயம்.

ஆனா ஃபான்ட்ட விட முக்கியமானது நிகழ்ச்சி வர்றதுக்கு முன்னாடியே சிபிஎஸ் டீம் கையில இருந்த தகவல். கிடைச்சது ஒரிஜினல் இல்ல, காப்பி. காப்பில மையும் பேப்பரும் சோதிக்கவே முடியாது. அவங்க கூப்பிட்ட நிபுணர்கள்ல ஒருத்தர் கையெழுத்தப் பத்தி மட்டும்தான் சொன்னாரு, வேற ரெண்டு பேரு முன்கூட்டியே சந்தேகம்னு சொல்லிட்டாங்க. கொடுத்தவரு ஒரு ரிட்டயர்டு அதிகாரி, அவருக்கு இது யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு போய் விசாரிக்கவே இல்ல, அவரு பின்னாடி அந்தப் பேர மாத்திச் சொன்னாரு. கில்லியனோட பழைய செக்ரட்டரிய நிகழ்ச்சிக்கு அப்புறம்தான் தேடிப் போனாங்க. இத நான் டைப் பண்ணல, போலி, ஆனா விஷயம் கில்லியன் மனசுல இருந்ததுதான்னு அந்தம்மா சொன்னாங்க. பலர் இந்தக் கடைசி வரிய பிடிச்சுகிட்டு, பேப்பர் போலியா இருந்தா என்ன, விஷயம் சரிதானேன்னு பேசுனாங்க. எனக்கு இதுலதான் ரொம்பக் கோபம் வரும். விஷயம் சரின்னா அதுக்கு வேற ஆதாரத்தக் கொண்டுவரணும், போலி பேப்பர வெச்சு உண்மையச் சொன்னா அந்த உண்மையும் சேந்து செத்துரும். புஷ்ஷோட சர்வீஸப் பத்தி நியாயமா கேக்க வேண்டிய கேள்விகள் இருந்துச்சு, அதுக்கப்புறம் அதப் பேசவே ஆள் இல்லாம போச்சு.

செப்டம்பர் 20ஆம் தேதி சிபிஎஸ், இது உண்மைன்னு எங்களால நிரூபிக்க முடியலன்னு சொல்லிருச்சு. அவங்களே போட்ட விசாரணைக் குழு 2005 ஜனவரில ரிப்போர்ட் கொடுத்துச்சு, தயாரிப்பாளர் மேரி மேப்ஸ வேலைய விட்டுத் தூக்குனாங்க. அரசியல் சார்புதான் காரணம்னு அந்தக் குழு முடிவுக்கு வரல, அவசரத்தையும் கண்ண மறைச்ச ஆர்வத்தையும்தான் குறை சொன்னாங்க. நான் அத ஏத்துக்கறேன், ஆனா அந்த ஆர்வம் எதப் பாத்து வருதுங்கறதுலதான் சார்பு ஒளிஞ்சிருக்குன்னும் சொல்லுவேன்.

இதுக்கு நேர் எதிரா 2020. அக்டோபர் 14 அன்னைக்கு நியூயார்க் போஸ்ட், அப்போ அதிபர் வேட்பாளரா இருந்த ஜோ பைடனோட பையன் ஹன்டர் பைடன் லேப்டாப்ல இருந்ததா சில மெயில்கள வெளியிட்டுச்சு. ட்விட்டர் அந்த லிங்க்கையே ப்ளாக் பண்ணுச்சு, பின்னாடி அது தப்புன்னு அப்போ ட்விட்டர் தலைவரா இருந்த ஜாக் டோர்சியே சொன்னாரு. உளவுத்துறையில இருந்த 51 பேரு, இது ரஷ்யா வேலை மாதிரி இருக்குன்னு லெட்டர் எழுதுனாங்க. அதே லெட்டர்ல எங்ககிட்ட ஆதாரம் இல்லன்னும் எழுதியிருந்தாங்க, ஆனா பல எடத்துல அந்த வரி காணாம போயி ரஷ்யாவோட பொய்ப் பிரச்சாரம்னே பேச்சாயிருச்சு. ஒன்றரை வருஷம் கழிச்சு, 2022 மார்ச்ல, வாஷிங்டன் போஸ்ட் ரெண்டு நிபுணர்கள்கிட்ட அந்த லேப்டாப்ல இருந்ததா சொன்ன ஃபைல்கள் இருக்கற ட்ரைவோட காப்பிய கொடுத்துச்சு. மெயில் அனுப்பற சர்வர் டிகேஐஎம்னு ஒரு டிஜிட்டல் முத்திரை வைக்கும், உள்ள ஒரு எழுத்து மாறுனாலும் முத்திரை செல்லாமப் போயிரும். அத வெச்சுப் பாத்ததுல சுமார் 1,29,000 மெயில்ல கிட்டத்தட்ட 22,000 உண்மையானதுன்னு உறுதியாச்சு. மீதிய எந்தப் பக்கமும் சொல்ல முடியல, பல பேர் கைமாறி, இஷ்டத்துக்குக் காப்பி எடுத்து, புதுசா ஃபோல்டர் எல்லாம் போட்டு வெச்சிருந்தாங்க. ஆக 'எல்லாம் உண்மை'ன்னு சொன்னவங்களும் 'எல்லாம் ரஷ்யா'ன்னு சொன்னவங்களும் சோதிக்காமலே பேசியிருக்காங்க.

பேப்பர் அசல்னு தெரிஞ்சாலும் வேலை முடியறதில்ல. பிரான்ஸ்கிட்ட போர் விமானம் வாங்குன ரஃபேல் விவகாரம் ஞாபகம் இருக்கும். 2019 பிப்ரவரி 8 அன்னைக்கு தி இந்து, பிரதமர் அலுவலகம் தனியா பேரம் பேசறது நம்ம நிலைய பலவீனப்படுத்துதுன்னு பாதுகாப்பு அமைச்சகம் 2015ல எழுதுன குறிப்ப வெளியிட்டுச்சு. அன்னைக்கே அதே குறிப்புக்குக் கீழ, இது தேவைக்கு அதிகமான ரியாக்ஷன்னு அப்போதைய அமைச்சர் மனோகர் பரிக்கர் கையால எழுதுன பதிலும் வெளிய வந்துச்சு. அதிகாரிகளோட எதிர்ப்பும் நிஜம், அமைச்சரோட பதிலும் நிஜம், ரெண்டையும் பாத்தாதான் ஃபைல் என்ன சொல்லுதுன்னு புரியும். மார்ச்ல அட்டர்னி ஜெனரல் சுப்ரீம் கோர்ட்டுல இதெல்லாம் திருடுன ஆவணம்னு வாதாடுனாரு, அப்படிச் சொன்னதுலயே ஆவணம் அசல்தான்னு ஆகிப்போச்சு. ஏப்ரல் 10ல கோர்ட்டும் அந்த ஆவணங்கள எடுத்துக்கலாம்னு சொல்லிருச்சு.

நம்ம ஊர் பேப்பர்லயும் தடயம் நிறைய உண்டு. தொண்ணூறுகள்ல எழுதுன லெட்டர்னு ஒண்ணு வந்து, அதுல எழுத்து லதா ஃபான்ட்ல இருந்தா நிமிர்ந்து உக்காரணும், லதா விண்டோஸ் 2000 கூட வந்தது, நிர்மலா விண்டோஸ் 8 கூட. 1978ல எம்ஜிஆர் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டுச்சு, அதுக்கு முந்தின நோட்டீஸ்னு வந்து உள்ள 'லை', 'னை' எல்லாம் இப்ப நாம எழுதற மாதிரியே இருந்தா சந்தேகப்படலாம், ஆனா அத மட்டும் வெச்சு போலின்னு எழுதிட முடியாது, பெரியாரோட ஆளுங்க 1930கள்லயே புது எழுத்துல அச்சடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. அரசாணைன்னா எண், நாள், திருவள்ளுவர் ஆண்டு, எந்தத் துறை, மேல 'படிக்க'ன்னு குறிப்பிட்டிருக்கிற பழைய ஆணைகள் உண்மையிலயே இருக்கா, எல்லாத்தையும் பாப்போம். இதெல்லாம் சரியா இருந்தும் போலியா இருக்கலாம், அசல் ஆணைய எடுத்து ஒரே ஒரு பத்திய மாத்திவிடறது சுலபம்.

அதனால எங்க டெஸ்க்ல ஒரு பழக்கம் வெச்சிருக்கோம். டாகுமென்ட் வந்தா அத ரசிச்சவங்க கையில செக்கிங் கொடுக்கறதில்ல, அது பொய்யா இருக்கணும்னு ஆசப்படற ஒருத்தர்கிட்ட கொடுப்போம், அவரால உடைக்க முடியலன்னாதான் அடுத்த கட்டம். அதோட கட்சிப் பேர மாத்திப் படிச்சுப் பாப்போம், இதே பேப்பர் அந்தப் பக்கத்தப் பத்தி வந்திருந்தா நான் என்னென்ன கேட்டிருப்பேன்னு. லிஸ்ட் உடனே நீளும். சம்பந்தப்பட்டவங்ககிட்ட பதில் கேக்க அஞ்சு நிமிஷம் டைம் கொடுத்துட்டு 'பதில் இல்லை'ன்னு எழுதறதும் எங்களுக்கு ஒத்துவராது.

உங்க கைக்கு இப்படி ஏதாவது வந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீங்க. வாட்ஸப்ல ஃபோட்டோவா அனுப்புனா சைஸ் குறைஞ்சு, உள்ள இருக்கற தேதி, கேமரா விவரமெல்லாம் போயிரும், டாகுமென்ட்டா அட்டாச் பண்ணுங்க. மெயில்னா பிரிண்ட் இல்ல, அந்த மெயிலையே ஃபைலா சேவ் பண்ணிக் கொடுங்க, அப்பதான் முத்திரையப் பாக்க முடியும். எல்லா பக்கமும் வேணும், காலியா இருக்கற பின்பக்கம் உட்பட. ஸ்க்ரீன்ஷாட் மட்டும்தான் இருக்குன்னா அதையும் மறைக்காம சொல்லிடுங்க, எந்த க்ரூப்ல எத்தன மணிக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சா அங்கிருந்து பின்னாடி தேடிப் போக ஒரு வழி கிடைக்கும்.