பழைய அடிதடி வழக்கு இருந்தால் போலீஸ் வேலை கிடைக்குமா?

ஊர்த் திருவிழாவில் ஒரு தள்ளுமுள்ளு, கபடி மைதானத்தில் ஒரு சட்டைப்பிடி. ஸ்டேஷனில் எழுதுவது அநேகமாக ஒரே வரிதான்: இந்திய தண்டனைச் சட்டம் 294(பி), 323, 506(1). கெட்ட வார்த்தை பேசியது, கையால் அடித்தது, மிரட்டியது. (2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த சண்டை என்றால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296, 115, 351 என்று எண்கள் மாறியிருக்கும்.) விலக்கிவிடப் போனவன் பெயரும் சில சமயம் அதில் சேர்ந்துவிடும். அப்புறம் அவன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதி, 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடி, கயிறு ஏறி, எல்லாம் முடித்து ஆர்டருக்குக் காத்திருக்கும்போது அந்த வரி திரும்ப வந்து நிற்கும். போலீஸ் வெரிபிகேஷன் என்று நாம் சொல்லும் முன்நடத்தைச் சரிபார்ப்பு கடைசிக் கட்டத்தில்தான் நடக்கிறது.

"கேஸ்தான் முடிஞ்சுபோச்சே, விடுதலை ஆயிட்டேனே" என்பதுதான் எல்லோரும் சொல்வது. தமிழ்நாட்டு விதி அவ்வளவு சுலபமாக விடுவதில்லை. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி), வேலைக்கு வருபவர் சரிபார்ப்புக்கு முன் எந்தக் குற்ற வழக்கிலும் 'சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது' என்கிறது. தண்டனை பெற்றிருக்கக் கூடாது என்று அல்ல, சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்திருந்தாலும், புகார் கொடுத்தவர் கோர்ட்டில் மாற்றிச் சொல்லி பிறழ்சாட்சி ஆனதால் விடுதலை கிடைத்திருந்தாலும், சம்பந்தப்பட்டவர் என்றே கணக்கு. சரிபார்ப்பின்போது வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு கௌரவமான விடுதலை (சந்தேகத்தின் பலனால் அல்லாமல், குற்றச்சாட்டு பொய்த்துப்போனதால் வரும் விடுதலை) கிடைத்தாலோ, 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' (தவறான தகவலால் பதிவானது) என்று போலீசே வழக்கை முடித்தாலோ, அடுத்த தேர்வில் கலந்துகொள்ளலாம். அந்த வருடம் கைவிட்டுப் போனது போனதுதான். இந்த விதி செல்லும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008ல் சொல்லிவிட்டது.

எனக்கு நெருடுவது இந்த 'கௌரவமான விடுதலை'. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றமே 2012ல் அதைச் சொல்லியிருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் பேசி ராஜி ஆன வழக்கில், புகார் கொடுத்தவர் கூண்டில் ஏறி "எனக்கு எதுவும் தெரியாது" என்பார். அன்றைக்கு எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்த ராஜிதான் பின்னால் பிறழ்சாட்சி என்ற பெயரில் பையனின் வேலைக்குக் குறுக்கே நிற்கிறது.

சரி, அப்படியென்றால் சொல்லாமல் விட்டுவிடலாமா? கூடாது. சின்ன வழக்கு மட்டும் இருந்தால் வாதாட இடமுண்டு. மறைத்தது தெரிந்தால் அந்த இடமும் சுருங்கிவிடும். 2016ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இதை விளக்கினார்கள். இளம் வயதில் கோஷம் போட்டது மாதிரி அற்பமான விஷயத்தை மறைத்திருந்தால், அதை மன்னித்துவிடத் துறைக்கு உரிமை உண்டு. பெரிய குற்றம் என்றால் வேலையை ரத்து செய்யலாம். உண்மையைச் சொல்லியே இருந்தாலும், துறை வேலை கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. பரிசீலிக்கும் உரிமை அதற்கு இருக்கிறது. இதற்கு முன்பே 2011ல், டெல்லி காவல்துறைத் தேர்வு எழுதிய ஒருவரின் வழக்கில், இளைஞர்கள் செய்யும் சிறு தவறுகளைப் பொறுத்துப்போக வேண்டும் என்று நீதிபதி மார்கண்டேய கட்ஜு அமர்வு வேலை கொடுக்கச் சொன்னது. 2024ல் உத்தரப் பிரதேசக் காவலர் ஒருவருக்கும் அப்படித்தான். ஆனால் எதிர்த்திசையில் போன தீர்ப்புகளும் நிறைய. ஒரு தீர்ப்பை மட்டும் காட்டி யாராவது நம்பிக்கை கொடுத்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

சம்பவத்தின்போது 18 வயது முடியவில்லை என்றால் கதை வேறு. சிறார் நீதிச் சட்டம் 2015ன் 24ஆம் பிரிவுப்படி, அந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கப்பட்டவருக்கு அதனால் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது. முடிந்துபோன வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது 74ஆம் பிரிவு. விதிவிலக்கு ஒன்றுதான்: 16 வயது தாண்டி, கொடுங்குற்றத்தில் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டு, குற்றவாளி என்று தீர்ப்பானவர்கள். 2019ல் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை எஸ்.ஐ. வேலை ஒன்றில் உச்ச நீதிமன்றம் இளையோர் பக்கமே நின்றது. அதனால் எஃப்.ஐ.ஆரில் உள்ள சம்பவத் தேதியையும் பிறந்த தேதியையும் முதலில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில மாத வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

பெயர் வழக்கில் இருக்கிறதோ என்று சந்தேகம் இருந்தால், விண்ணப்பம் போடும் முன்பே தேடுங்கள். தீர்ப்பு வந்திருந்தால் சான்றிட்ட நகல் வாங்கி, கடைசிப் பத்தியில் விடுதலைக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வேலை மறுக்கப்பட்டால் காரணத்தோடு எழுத்தில் உத்தரவு கேளுங்கள். அது இல்லாமல் உயர்நீதிமன்றத்தில் ரிட் போடுவது சிரமம்.

இன்னொன்று. கொரோனா ஊரடங்கை மீறியதாகப் போட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. உங்கள் பெயரும் அதில் இருந்தால், அறிவிப்பை நம்பிச் சும்மா இருக்காமல், அந்த வழக்கு எண் முடிக்கப்பட்டதா என்று கோர்ட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.