கவ்வியா, இடுக்கியா: வைஸ் என்னும் சொல் குறித்து

சுழலும் பற்களால் உலோகத்தைச் சீவும் சிறிய மில்லிங் மெஷின் ஒன்றுடன் வந்த தமிழ் வழிகாட்டி ஏட்டில், 'இயந்திரத் துணையை மேசையின் மீது வைத்து இறுக்கவும்' என்றொரு வரி இருந்தது. துணைவேந்தர், துணைத்தலைவர் வரிசையில் மேசைமேல் ஏற வேண்டிய அந்தத் துணை யார் என்று என் தம்பி மகன் கேட்டான். வைஸ் சான்சலருக்கும், பட்டறையில் பொருளை இரு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் வைசுக்கும் பிரிட்டன்காரர்கள் ஒரே எழுத்துக்கூட்டலை வைத்திருப்பதால் வந்த வினை அது. கணினி மொழிபெயர்ப்பின் கைவண்ணம் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அடுத்த பக்கத்திலேயே, யாரோ ஒருவர் அமர்ந்து திருத்தியதன் அடையாளமாக, அதே பொருள் 'இடுக்கி' ஆகியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். துணை என்பதை எவரும் நம்பப்போவதில்லை. இடுக்கி என்பதை நம்பிவிடுவார்கள்.

சொல்லின் பிறப்பை விரைந்து சொல்லிவிடலாம். லத்தீனில் திராட்சைக் கொடிக்கு 'வீட்டிஸ்' என்று பெயர். கொடியின் பற்றுச்சுருள் போலச் சுற்றிச் செல்வதால் பழைய பிரெஞ்சு மொழியில் திருகுக்கு 'விஸ்' என்றார்கள்; ஆங்கிலத்துக்குப் போன அது சுழற்படிக்கட்டையும் திருகையும் குறித்து, பின்னர் திருகால் இறுக்கிப் பிடிக்கும் கருவிக்கு நிலைத்தது. தீய பழக்கத்தைக் குறிக்கும் வைஸ், பதவிக்கு முன் ஒட்டும் வைஸ் ஆகியவை வேறு வேறு லத்தீன் வேர்களிலிருந்து வந்தவை. அமெரிக்கர்கள் கருவிக்கு மட்டும் வேறு எழுத்துக்கூட்டல் வைத்திருப்பதால் அவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை.

இடுக்கிக்கு வருவோம். இடுக்கு என்றால் நெருக்கமான சந்து. மலையிடுக்கு, பல்லிடுக்கு என்கிறோம். கேரளத்து இடுக்கி அணை இருப்பதும் இரு மலைகளுக்கு நடுவேயுள்ள ஓர் இடுக்கில்தான். அந்த வேரிலிருந்து வந்த இடுக்கி, கொல்லர் பழுத்த இரும்பைப் பிடிக்கவும், அடுக்களையில் கொதிக்கும் பாத்திரத்தை இறக்கவும் உதவும் கைக்கருவி. நல்ல சொல், அதனோடு எனக்குப் பகை ஏதுமில்லை. ஆனால் இடுக்கியின் இரு கரங்களும் நடுவில் ஓர் ஆணியில் கோக்கப்பட்டவை, இரண்டும் அசையும், எது நிலையானது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. வைசில் ஒரு தாடை அடிப்பாகத்தோடு ஒன்றாக நிற்கிறது, மற்றது மட்டும் நகர்ந்து வந்து பொருளை அதன்மேல் அழுத்துகிறது. வெறும் பிடிப்பு என்றால் எந்தச் சொல்லும் போதும். மில்லிங்கில் வைஸ் பிடித்துக்கொள்வதோடு நிற்பதில்லை. நாம் எடுக்கும் அளவுகளுக்கெல்லாம் தொடக்கமாக நிற்கும் சுவரும் அந்த நிலைத்தாடைதான்.

வைசை மேசையில் அமைப்பதைப் பார்த்தவருக்கு இது விளங்கும். மெஷினின் தலை மேசைக்குச் செங்குத்தாக இருப்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, வைசின் அடிப்பரப்பையும் மேசையையும் துடைத்து, பிசிறு இருந்தால் எண்ணெய்க்கல்லால் தேய்த்து, மேசையிலுள்ள டி-ஸ்லாட் என்னும் நீள்பள்ளத்தில் போல்ட்டுகளைப் போட்டு, ஒன்றைச் சற்று இறுக்கமாகவும் மற்றதை லேசாகவும் விடுவார்கள். பிறகு வெட்டுக்கருவி மாட்டும் சுழல்தண்டான ஸ்பிண்டிலில், நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயலை மாட்டி, அதன் முனையை நிலைத்தாடையில் தொடவைத்து, மேசையை இடமிருந்து வலமாக ஓட்டுவார்கள். முள் நகரும், மென்மையான சுத்தியலால் வைசின் ஓரத்தை மெல்லத் தட்டுவார்கள், மறுபடியும் ஓட்டுவார்கள். தாடையின் நீளம் முழுவதும் முள் 0.01 அல்லது 0.02 மி.மீ.க்குள் நின்றபின் இரண்டு போல்ட்டையும் முழுதாக இறுக்கி, இறுக்கும்போது நகர்ந்துவிட்டதா என்று இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பார்கள்.

அந்த ஏடோ 'இடுக்கியின் தாடையைச் சரிபார்க்கவும்' என்று மட்டும் சொல்லியிருந்தது. எந்தத் தாடை? தம்பி மகன் கைக்கு வசதியாக இருந்த நகரும் தாடையில் டயலை வைத்து, முள் அசையாதது கண்டு மகிழ்ந்துபோனான். நகரும் தாடைக்குத் தடத்தில் சிறிது ஆட்டம் உண்டு. ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் ஒவ்வொரு விதமாகச் சாயும். அவன் வெட்டிய காடி, அதாவது நீள்பள்ளம், 75 மி.மீ. நீளத்துக்குள் 0.15 மி.மீ. கோணிப்போனது. பிழையில் பாதி அவனுடையது, பாதி அந்தச் சொல்லினுடையது என்பது என் தீர்ப்பு.

அவன் முதலில் வாங்கிவந்த வைசும் கடையில் டிரில்லிங் மெஷினுக்கென்று விற்பது. விலை மலிவுதான்; ஆனால் இறுக்கும்போது அதன் நகரும் தாடை மேலே எழும்பும், அதோடு பொருளும் அடியில் அதைத் தாங்கும் பேரலல் என்னும் இணைக்கட்டையை விட்டு எழும்பும். அமெரிக்காவின் குர்ட் நிறுவனம் பெயர் பெற்ற வைசில், தாடைக்கடியில் ஓர் அரைக்கோளத் துண்டை வைத்து, முன்னே தள்ளும் விசையில் ஒரு பகுதியைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டார்கள். சிறிய மெஷினுக்கு மூன்றங்குலத் தாடையே தாராளம்; ஆறங்குல வைஸ் மேசையையும் உயரத்தையும் விழுங்கிவிடும்.

வேர்ச்சொல் பக்தர்கள் சிலர், பிரெஞ்சில் திருகு என்றே பொருள் என்பதால் தமிழிலும் 'திருகுப்பிடி' என்றே சொல்ல வேண்டும் என்கிறார்கள். திருகுப்பிடி என்றால் திருகாணியைச் சுழற்றும் கைப்பிடி என்றுதான் தமிழ்க் காதில் விழும். மேலும், நீண்ட திருகுத்தண்டு இல்லாமல், சாய்வாகப் போட்ட ஒரு போல்ட்டால் தாடையைக் கீழும் முன்னும் இழுக்கும் 'ஸ்க்ரூலெஸ் வைஸ்' இருக்கிறது. அதைத் 'திருகில்லாத் திருகுப்பிடி' என்பார்களா? ஆங்கிலேயர் தங்கள் வேரை மறந்துவிட்டதால் தப்பித்தார்கள்.

நான் பரிந்துரைப்பது கவ்வி. முதலை கவ்வுவதை நினைத்துப் பாருங்கள்: மேல்தாடை மண்டையோட்டோடு சேர்ந்தது, கீழ்த்தாடை அதை நோக்கி வந்து மூடுகிறது. வைஸ் செய்வதும் அதையேதான். நிலைத்தாடை, நகர்தாடை என்ற பெயர்களும் வலிந்து ஒட்டாமல் இயல்பாக வந்து அமர்கின்றன. பெஞ்சு வைஸ் மேசைக்கவ்வி, மெஷின் வைஸ் பொறிக்கவ்வி. கிளாம்ப்பையும் கவ்வி என்று சிலர் எழுதுகிறார்களே என்ற ஆட்சேபம் நியாயமானது. கிளாம்ப்புக்கு இறுக்கி போதும், ஏனெனில் அது பொருளை வேறொன்றின்மேல் இறுக்குகிறதேயன்றித் தனக்கென்று ஒரு மேடை வைத்துக்கொள்வதில்லை.

பட்டறையில் 'வைஸ்ல புடி' என்பவரை நான் திருத்தப் போவதில்லை. அவர் சொல்வது எல்லோருக்கும் விளங்குகிறது. விளங்காத சொல்லை எழுதுகிறவர்தான் திருந்த வேண்டும். இன்றைய மொழிபெயர்ப்பாளர் பலர் அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பக்கத்துத் தெரு லேத்துப் பட்டறையில் ஐந்து நிமிடம் நிற்க அவர்களுக்கு நேரமில்லை. மில்லிங் மெஷினை 'அரவை இயந்திரம்' என்று மாவுமில்லுக்கு அனுப்பிவைப்பவர்களும் இவர்களே. துருவல் எந்திரம் என்ற நூல்வழக்கு அதைவிட எவ்வளவோ மேல். சுழலும் பற்களால் சீவி எடுப்பதைத் தேங்காய் துருவியவர் எவரும் புரிந்துகொள்வார்.

தம்பி மகனுடைய ஏட்டில் அந்த வரியை அடித்துவிட்டு ஓரத்தில் இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: 'வைஸ் எனப்படும் பொறிக்கவ்வியை மேசையில் வைத்து, அதன் நிலைத்தாடையை டயலால் ஓட்டிப் பார்த்த பிறகே இறுக்கவும்.'