மேய்க்கால் யாருடையது? பொது நிலங்களின் உரிமையும் நிர்வாகமும் குறித்து ஒரு வழக்குரைஞரின் குறிப்புகள்

சென்ற ஆண்டு என் அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். அறுபது, எழுபது செம்மறி ஆடுகள் வைத்திருப்பவர். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டுப் பிழைப்பவர். “மேய்க்கால்ல கம்பி வேலி போட்டுட்டாங்க வக்கீல் சார், யார் மேல கேஸ் போடணும்?” என்று கேட்டார். மேய்க்கால் என்பது ஊர்க் கால்நடைகளின் மேய்ச்சலுக்கான பொது நிலம். வருவாய்த்துறை சார்ந்த வழக்குகளை நடத்துபவர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது. ஆக்கிரமித்தவர் யாரென்று விசாரிப்பது, வட்டாட்சியருக்கு மனு கொடுப்பது, அதற்குப் பலன் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோருவது என்று மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே பதிவேடுகளின் நகல்களைக் கேட்டு விண்ணப்பிக்கச் சொன்னேன்.

நகல்கள் வந்தபோதுதான், வேலி போட்டவர்கள் ஆக்கிரமிப்பாளர்களே அல்லர் என்பது தெரிந்தது. அந்தப் புல எண் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்ற வகைப்பாட்டிலிருந்து ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’ (வரி நிர்ணயிக்கப்பட்ட, பயிரிடப்படாத அரசு நிலம்) என்று மாற்றப்பட்டு, வேறொரு பயன்பாட்டுக்காக ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆட்சேபணை கோரும் ஏ-1 அறிவிப்பு கிராமத்தில் வெளியிடப்பட்டது, ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை, ஊராட்சி மன்றம் தடையின்மைத் தீர்மானம் நிறைவேற்றியுள்ளது என்ற மூன்று வாக்கியங்கள் கோப்பில் ஒழுங்காக இருந்தன. பெரியவருக்கு அந்த அறிவிப்பு எங்கே ஒட்டப்பட்டது என்பதே தெரியாது. அது ஒட்டப்பட்டதாகச் சொல்லப்பட்ட நாட்களில் அவர் ஆடுகளோடு இரண்டு வட்டங்களுக்கு அப்பால் கிடையில் இருந்திருக்கிறார்.

பொது நிலம் பறிபோகிறது என்றதும் நாம் கம்பி வேலியையும் பொக்லைன் இயந்திரத்தையும் கற்பனை செய்துகொள்கிறோம். என் அனுபவத்தில், மீட்கவே முடியாதபடி போன நிலங்கள் பெரும்பாலும் ஆக்கிரமிப்பால் போனவை அல்ல. முறையான கோப்பில், முறையான கையொப்பத்தோடு, வகைப்பாடு மாறிப் போனவையே. ஆக்கிரமிப்பை அகற்றச் சட்டம் இருக்கிறது. சட்டப்படியே நடந்த மாற்றத்தைக் கேள்வி கேட்க, குறித்த காலத்துக்குள் விழித்திருந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை நம் நில நிர்வாகம் இன்றுவரை தெளிவாக வரையறுக்கவில்லை.

புறம்போக்கு என்ற சொல்லை இன்று வசைச்சொல்லாகப் பயன்படுத்துகிறோம். வரிக்கணக்குக்குப் புறம்பாக நிற்பது என்பதுதான் அதன் பொருள். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்தையும் சொல்லிவிட்டு, ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு என வரியில்லா நிலங்களைக் கழித்துக் காட்டுகின்றன. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனிக் குழுக்கள் குடவோலை மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டன. பொது வளத்தைப் பராமரிக்கப் பெயர் சொல்லக்கூடிய, கணக்குக் காட்டவேண்டிய ஆட்கள் இருந்தார்கள் என்பது இதில் கவனிக்கவேண்டியது. ஆனால் அதைப் பொற்காலமாகக் காட்ட எனக்கு மனமில்லை. அதே தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரி தனியாகக் குறிக்கப்படுகிறது. உத்தரமேரூரில் சொந்த நிலமும் மனையும் உள்ளவர்களுக்கே வாரியத்தில் இடம். ‘ஊர்ப் பொது’ என்பதில் ஊர் என்றால் யார் என்ற கேள்வி அன்றே இருந்தது. இன்றும் சுடுகாட்டுப் பாதை வழக்குகளில் அதே கேள்வியைத்தான் சந்திக்கிறேன்.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1820 முதல் 1827 வரை சென்னையின் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இரயத்துவாரி முறை, நிலத்தைப் பட்டாதாரர் என்ற தனி மனிதரோடு பிணைத்தது. பட்டா இல்லாத நிலம் அரசுடையது என்ற எண்ணம் அதன் மறுபக்கமாக வளர்ந்தது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் அதை எழுத்தில் உறுதி செய்தது. சாலை, ஆறு, குளம், யாருக்கும் சொந்தமில்லாத நிலம் எல்லாம் அரசின் சொத்து என்று அதன் 2-ஆம் பிரிவு கூறுகிறது. அதே பிரிவு, பொதுமக்களின் வழியுரிமைகளுக்கும் வழக்காற்று உரிமைகளுக்கும் உட்பட்டே அந்த உடைமை அமையும் என்றும் கூறுகிறது. முதல் பாதியை எல்லா அலுவலகங்களும் மனப்பாடமாகச் சொல்லும். இரண்டாம் பாதியைச் சுட்டிக்காட்டும்போது கோப்பைத் திருப்பிப் பார்ப்பார்கள். 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி, ஜமீன் பகுதிகளில் இருந்த பொது நிலம், தரிசு, மேய்ச்சல் நிலம், ஏரிகள் யாவும் அரசிடம் வந்து சேர்ந்தன. அது தேவையான சீர்திருத்தமே. ஆனால் ஜமீன்தாரிடமிருந்து வாங்கிய நிலத்தை ஊரிடம் கொடுக்காமல் தாலுகா கச்சேரியில் வைத்துக்கொண்ட சீர்திருத்தம் அது.

பிறகு வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, அதன் 134-ஆம் பிரிவில் மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, இடுகாடு, மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கிராம ஊராட்சிக்கு அளிக்கிறது. ஒழுங்குபடுத்தும் அதிகாரம்தான், உடைமை அல்ல. உடைமை வருவாய்த்துறையிடம், பயன்பாடு ஊராட்சியிடம், ஏரி பெரியதென்றால் நீர்வளத்துறையிடம், மரங்கள் அடர்ந்திருந்தால் வனத்துறைக்கும் ஒரு வார்த்தை. ஒரு மந்தைவெளிக்கு இத்தனை பேர் பொறுப்பென்றால், வழக்கு வரும்போது ஒருவரும் பொறுப்பில்லை என்று பொருள். சென்னையில் மந்தைவெளி என்ற பெயரில் இருப்பது இன்று நெரிசல் மிகுந்த குடியிருப்பு. பெயர் மட்டும் பழைய பயன்பாட்டைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்தக் குழப்பத்தைப் பார்ப்பவர்கள் உடனே சொல்லும் தீர்வு, உடைமையையே ஊராட்சிக்குக் கொடுத்துவிடலாம் என்பது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பேசிவந்தேன். இப்போது தயங்குகிறேன், அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, பஞ்சாபின் அனுபவம். அங்கு 1961-ஆம் ஆண்டின் கிராமப் பொது நிலச் சட்டம், பொது நிலத்தை ஊராட்சிகளுக்கே உடைமையாக்கியது. சாகுபடிக்குரிய பொது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்குக் குத்தகைக்கு விடவேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் அந்தப் பங்கைப் பினாமிப் பெயர்களில் வசதியுள்ளவர்களே ஏலம் எடுத்து வந்ததை எதிர்த்து, சங்ரூர் பகுதியில் தலித் விவசாயத் தொழிலாளர்கள் பல ஆண்டுகளாகப் போராடவேண்டியிருந்தது. பொது நிலம் குறித்து நாம் எல்லோரும் மேற்கோள் காட்டும் 2011-ஆம் ஆண்டின் ஜக்பால் சிங் வழக்கும் பஞ்சாபிலிருந்து வந்ததுதான். பாட்டியாலா மாவட்டத்தில் ஒரு கிராமக் குளத்தை மேடாக்கி வீடு கட்டியவர்களுக்கு எதிரான அந்தத் தீர்ப்பில், அதிகாரிகள் மட்டுமின்றி ஊராட்சியும் ஆக்கிரமிப்புக்கு உடந்தையாக இருந்ததை உச்ச நீதிமன்றம் குறிப்பிடுகிறது. ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்கவேண்டும், நீண்ட காலம் அனுபவித்ததோ பெரும் பணம் செலவழித்ததோ வரன்முறைப்படுத்தக் காரணமாகாது என்று நீதிமன்றம் ஆணையிட்டது. நிலமற்ற தொழிலாளர், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அரசு குத்தகை வழங்கியிருந்தாலோ, பள்ளி, மருந்தகம் போன்ற பொதுப் பயன்பாடு ஏற்கெனவே இருந்தாலோ மட்டும் விதிவிலக்கு அளிக்கலாம் என்றது.

இரண்டாவது காரணம் சட்டநுட்பம் சார்ந்தது. பொதுவெளியில் இதை அதிகம் பேசி நான் பார்த்ததில்லை. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தனியார் நிலத்தை ஒருவர் எதிரிடையாக (உடைமையாளரின் அனுமதியின்றி, தனதென்று) அனுபவித்தால் 12 ஆண்டுகளில் உடைமையாளரின் மீட்பு வழக்கு காலாவதியாகும். அரசு நிலம் என்றால் 30 ஆண்டுகள். உள்ளாட்சி அமைப்புகளுக்கு அந்த 30 ஆண்டுச் சலுகை பொதுத் தெருவுக்கும் சாலைக்கும் மட்டுமே தரப்பட்டுள்ளது. ஆகவே மேய்க்காலை ஊராட்சியின் சொந்த உடைமையாக மாற்றி எழுதினால், அதைப் பாதுகாக்கும் கால அவகாசம் 30-லிருந்து 12 ஆண்டுகளாகச் சுருங்கும் ஆபத்து இருக்கிறது. நல்லெண்ணத்தில் செய்யும் உடைமை மாற்றம், ஆக்கிரமிப்பாளருக்கு 18 ஆண்டுகளை இனாமாகக் கொடுத்ததாக ஆகிவிடலாம்.

எனவே உடைமையை அரசிடமே அறங்காவலராக விட்டுவைத்து, நிர்வாகத்தை ஊரிடம் முழுமையாகக் கொடுப்பதே பொருந்தும் என்பது என் கருத்து. இயற்கை வளங்களுக்கு அரசு அறங்காவலரே என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996-இல் கமல்நாத் வழக்கிலேயே ஏற்றுக்கொண்டது. அறங்காவலர் சொத்தை மாற்றவேண்டுமானால் பயனாளியைக் கேட்கவேண்டும். இங்கே பயனாளி கிராம சபை. சில உறுப்பினர்கள் கையெழுத்திடும் ஊராட்சி மன்றத் தீர்மானம் அதற்கு ஈடாகாது. ஏ-1 அறிவிப்பைச் சாவடிச் சுவரில் ஒட்டியதோடு நிறுத்தாமல் கிராம சபையில் வாசித்து, அந்த நிலத்தை நாள்தோறும் பயன்படுத்துபவர்கள் சொன்னதை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். மேய்க்காலை மாற்றினால் சம அளவு மாற்று நிலம் காட்டுவது என்ற நடைமுறை இருக்கிறது. ஆனால் காட்டப்படும் நிலம் பாறையா, தண்ணீர் உள்ளதா, ஆடு நடந்து போகும் தொலைவா என்று பார்த்து எழுதிய அறிக்கையை நான் மிக அரிதாகவே கோப்புகளில் கண்டிருக்கிறேன்.

மாநில அளவில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2023-இல் நிறைவேற்றப்பட்ட தமிழ்நாடு நில ஒருங்கிணைப்புச் சட்டம், நீர்நிலைகளை உள்ளடக்கிய பெரும் பரப்புகளைச் சிறப்புத் திட்டங்களுக்காக ஒருங்கிணைக்க வழி செய்கிறது. அதன் குறைநிறைகளைத் தனியாகத்தான் எழுதவேண்டும். மொத்தப் பரப்பாகப் பார்க்கும்போது ஓர் ஓடை எங்கிருந்து எங்கே போகிறது என்பது கண்ணில் படாமல் போகும் என்ற கவலையை மட்டும் இங்கே பதிகிறேன். நகராட்சியோடு இணைக்கப்படும் கிராமங்களின் நிலை இன்னும் மோசம், ஏனெனில் இணைப்பு அறிவிப்பு வந்த அன்றே அங்கே கிராம சபை என்ற ஒன்று இல்லாமல் போகிறது.

என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஒவ்வொரு புல எண்ணின் பரப்பையும் வகைப்பாட்டையும் சொல்லும் ஊரின் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள் என்பதுதான். இன்றைய பதிவேட்டை மட்டும் பார்த்தால் போதாது. பழைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்ட) பதிவேடு, 1979-க்கும் 1987-க்கும் இடையே யு.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதப்பட்ட பதிவேடு, இன்றைய பதிவேடு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு புல எண்ணின் பரப்பும் வகைப்பாடும் எங்கே மாறுகின்றன என்று குறிக்கவேண்டும். மாற்றம் இருந்தால் அதற்கு ஓர் ஆணை எண் இருக்கவேண்டும். இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். ‘பி’ மெமோ (அரசு நில ஆக்கிரமிப்புக்காக வருவாய்த்துறை தரும் அறிவிப்பு) கையில் வைத்திருப்பவர் அதைப் பட்டாவுக்குச் சமமாகக் காட்டினால் மிரளவேண்டாம்; அது அந்த நிலம் அரசுடையது, அவர் ஆக்கிரமிப்பாளர் என்பதற்கான சான்றே.

இப்படி ஒரு பட்டியலை, நான் ஆலோசனை சொல்லும் ஓர் ஊரில், சென்ற அக்டோபர் 2 கிராம சபையில் இளைஞர்கள் சிலர் வாசித்தார்கள். நாற்பது நிமிடம் ஆனது. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். களத்துப் புறம்போக்கு என்று ஒரு புல எண்ணைப் படித்தபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, “அது அம்புட்டுதானா? நாங்க நெல்லு காயப்போட்டப்போ கிழக்கால வேப்பமரம் வரைக்கும் இருந்துச்சே” என்றார். செட்டில்மெண்ட் பதிவேட்டில் இருந்த பரப்பு யு.டி.ஆர். பதிவேட்டில் குறைந்திருந்தது; ஆணை எண் எதுவும் இல்லை. அந்த வேப்பமரம் இப்போது ஒருவரின் பட்டா நிலத்துக்குள் நிற்கிறது. அளவீடு கோரி மனு கொடுத்திருக்கிறோம். நில அளவர் வரும் நாளில் அந்த அம்மாவையும் அங்கே அழைத்திருக்கிறேன்.